அப்பாவின் காது மிஷினுக்கு 76,000 ரூபாய் கட்டி ஏமாந்தோம், வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

அப்பாவுக்கு 71 வயது. போன வருடம் எங்கள் குடியிருப்பில் 'இலவச காது பரிசோதனை முகாம்' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள், கூட்டிக்கொண்டு போனேன். தலைக்கு மேலே ஃபேன் ஓடுகிறது, சுற்றிப் பத்துப் பேர் பேசுகிறார்கள், அதற்கு நடுவில் ஹெட்போன் மாட்டிப் பத்தே நிமிடத்தில் டெஸ்டை முடித்தார்கள். காதுக்குள் ஒருவரும் லைட் அடித்துக்கூடப் பார்க்கவில்லை. "இப்ப விட்டா நரம்பு மொத்தமா போயிடும் சார், இன்னிக்கு மட்டும்தான் பாதி விலை" என்று சொன்னதும் பயந்துபோய் அன்று சாயங்காலமே பணத்தைக் கட்டிவிட்டேன்.

மிஷினை மாட்டியிருக்கும்போது தொட்டியில் ஒரு தம்ளர் விழுந்தால் போதும், அப்பா வலது காதைப் பொத்திக்கொள்வார். சாப்பிடும்போது தாடை அசைந்தால் கீச்சென்று விசில். மூன்று முறை கடைக்குப் போனோம், ஒவ்வொரு முறையும் வேறொரு பையன் லேப்டாப்பில் எதையோ தட்டிவிட்டு "பழகிடும் அய்யா" என்று அனுப்பிவைத்தான். அப்பா கேட்டது ஒன்றுதான்: "பேத்தி பேசுறது விளங்கணும்பா." அது மட்டும் நடக்கவில்லை. நான்காவது மாதம் மிஷின் பீரோவுக்குள் போய்விட்டது.

பிறகு ஜி.எச்.சில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினோம். வலது காதிலிருந்து அவர் எடுத்த குறும்பி கருத்து இறுகி, ஊறாத கொண்டைக்கடலை மாதிரி இருந்தது. அதை எடுத்துவிட்டு, சத்தம் புகாத அறையில் மறுபடி டெஸ்ட் செய்தால் அந்தக் காது எவ்வளவோ பரவாயில்லை! அடைப்போடு எடுத்த கணக்கை வைத்துச் சத்தத்தை ஏற்றியிருக்கிறார்கள். சரி, அங்கேயே திருத்திக்கொள்ளலாம் என்றால், அந்தக் கடை லேப்டாப்பைத் தவிர வேறெங்கும் திறக்காதபடி மிஷினை லாக் செய்து வைத்திருக்கிறார்கள்.

அதனால் முதலில் டாக்டரிடம் காதைக் காட்டுங்கள். காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் டெஸ்ட் வரைபடத்தை (ஆடியோகிராம்) காகிதமாகக் கையில் வாங்குங்கள், எங்களுக்குக் கடைசிவரை "சிஸ்டத்துல இருக்கு" என்ற பதில்தான். டெஸ்ட் செய்பவருக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா, மிஷின் லாக் செய்ததா, மெல்லிய குழாயைக் காதுக்குள் வைத்துச் சத்தம் சரியாகப் போகிறதா என்று அளந்து பார்ப்பார்களா, இதெல்லாம் பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டியவை. வீட்டில் ஒரு வாரம் போட்டுப் பார்க்கத் தராத கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன், 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இப்போதுதான் பார்க்கிறேன், எங்கள் பில்லில் சீரியல் எண்ணே போடவில்லை. முகாமில் வாங்கியவர்கள் இன்றே உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள்.