எண்பது ரூபாய் ரோலர் கோஸ்டர்: கடைசிப் பெட்டியில் ஏறுங்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் போகும் வழியில், மாந்தோப்புகளுக்கு நடுவே ஒரு சின்னப் பூங்கா புதிதாக வந்திருக்கிறது. ஜெயண்ட் வீல், கொலம்பஸ், பிரேக் டான்ஸ் எல்லாம் இருக்கின்றன. அவை நம் ஊர்ப் பொருட்காட்சிகளில் பார்த்துப் பழகியவைதான். நான் போனது ரோலர் கோஸ்டருக்காக. நுழைவு 50 ரூபாய், கோஸ்டருக்குத் தனியாக 80 ரூபாய். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பதினான்கு முறை ஏறிவிட்டேன். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

பூங்காவின் பெயரை இப்போதைக்கு எழுதவில்லை. ஒரு குறை இருக்கிறது, அதை மேலாளரிடம் நேரில் சொல்லியிருக்கிறேன். சரிசெய்ய அவகாசம் கேட்டார். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எனக்கு ஊர் பாலக்கோடு. வேலை ஓசூரில், ஃபிட்டர். பள்ளி நாளிலிருந்தே எனக்கு ராட்டினப் பித்து. அதே பித்துள்ள ஆறேழு பேர் ஒரு குழுவாக இருக்கிறோம். கொச்சி, பெங்களூரு, ஐதராபாத் என்று வொண்டர்லா பூங்காக்களுக்குப் போயிருக்கிறோம். மகாராஷ்டிரத்தில் கோப்போலியில் இருக்கும் இமேஜிகா பூங்காவின் நைட்ரோ கோஸ்டரில் ஏறியிருக்கிறோம். சென்னைப் பக்கம் திருப்போரூர் அருகே வொண்டர்லா திறந்தபோது, கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கும் தஞ்சோரா கோஸ்டருக்காகவே ராத்திரி பஸ் பிடித்துப் போனோம். நைட்ரோ, தஞ்சோரா இரண்டுமே ரசிகர்கள் பி அண்ட் எம் என்று சுருக்கிச் சொல்லும் சுவிஸ் நிறுவனம் செய்தவை. அந்தத் தரத்தை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வராதீர்கள். ஆனால் இதை அலட்சியமாக ஒதுக்கவும் செய்யாதீர்கள். எங்கள் குழுவிலேயே அப்படி ஒதுக்கினார்கள், அதில்தான் சண்டையே ஆரம்பித்தது.

ஓசூர் நண்பர் படத்தைப் பார்த்ததுமே, "இது டிராகன் ரயில்ங்க, கணக்குல சேராது" என்று சொல்லிவிட்டார். ஏறிய கோஸ்டர்களை எண்ணி வைத்துக்கொள்வது எங்கள் பழக்கம். பொருட்காட்சி டிராகன் ரயிலை அதில் சேர்ப்பதா வேண்டாமா என்பது பழைய வழக்கு. பெரும்பாலான டிராகன் ரயில்களில் மோட்டார் கடைசிவரை வண்டியை இழுத்துக்கொண்டே போகும். மேட்டிலும் பள்ளத்திலும் கிட்டத்தட்ட ஒரே வேகம். உண்மையான கோஸ்டரில் சங்கிலி உச்சிவரைதான் ஏற்றிவிடும், அங்கிருந்து வண்டி தன் எடையிலேயே ஓட வேண்டும். நண்பர் சொன்னதில் நியாயம் இருக்கிறதா என்று பார்க்க, முதல் நாள் ஏறுவதற்கு முன்பே வேலிக்கு இந்தப் பக்கம் குனிந்து அடியில் பார்த்தேன். பெட்டிகளில் மோட்டார் இல்லை. தண்டவாளத்தை ஒட்டி மின்சாரப் பட்டையும் ஓடவில்லை. சங்கிலி ஏற்றத்தில் மட்டும்தான். கிளம்பும்போது "டக் டக் டக்" என்று ஒரு சத்தம் கேட்கிறது. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாமல் இருக்க, பெட்டிக்கு அடியில் உள்ள கொக்கி நடுவிலிருக்கும் பல்பட்டையில் ஒவ்வொரு பல்லாக விழுந்து ஏறும் சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்டதுமே எனக்குப் பாதி சந்தோஷம் வந்துவிட்டது.

சக்கரங்களையும் பார்த்தேன். ஒவ்வொரு முனையிலும் மூன்று வகை: பாரத்தைத் தாங்க மேலே ஒன்று, வளைவில் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள ஒன்று, வண்டி மேலே எழும்பாமல் இருக்கத் தண்டவாளத்துக்கு அடியில் ஒன்று. அடியில் உள்ள அந்தச் சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919-இல் காப்புரிமை வாங்கினார். அது இல்லாத காலத்தில் மேட்டு உச்சியில் வேகமாகப் போனால் வண்டி தண்டவாளத்தை விட்டு எழும்பிவிடுமோ என்ற பயம் இருந்தது. அது வந்த பிறகுதான் கோஸ்டர்கள் துணிந்து செங்குத்தாக இறங்கின. செலவைக் குறைக்க வேண்டும் என்று நினைத்த இந்தப் பூங்காக்காரர்கள் அலங்காரத்தில்தான் குறைத்திருக்கிறார்கள். நுழைவாயிலில் தகரப் பலகை ஒன்றுதான் நிற்கிறது, பெட்டி முகப்பில் பாம்புத் தலையும் இல்லை, சிங்க முகமும் இல்லை. சக்கரத்தில் கை வைக்கவில்லை. ஃபிட்டராக இதை நான் மனசாரப் பாராட்டுகிறேன்.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். ஏற்றம் சுமார் 8 மீட்டர். பாதியில் மாமரங்களின் உச்சிக்கு மேலே வந்துவிடுகிறோம். தோத்தாபுரி காய்கள் கொத்துக் கொத்தாகக் கண் மட்டத்தில் தொங்குகின்றன. தூரத்தில் சையத் பாஷா மலை தெரிகிறது. உச்சியில் வண்டி ஒரு மூச்சு நிற்பது போல மெதுவாகி, இடப்பக்கம் திரும்பி, விழுகிறது. முதல் இறக்கம் ஏறக்குறைய 7 மீட்டர். உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டால் அடியில் வேகம் மணிக்கு 42 கி.மீ. வரவேண்டும். ஜிப் போட்ட பாக்கெட்டில் வைத்திருந்த என் கைபேசி 36 வரை காட்டியது. பட்ஜெட் கோஸ்டருக்கு இது நல்ல ஓட்டம். பேரிங்கும் தண்டவாள இணைப்புகளும் சரியாக இல்லாவிட்டால் இந்தக் கணக்கு கிடைக்காது.

அதற்குப் பிறகு வருகிற மேடுதான் விஷயம். பார்த்தால் ஒன்றுமே இல்லை, மூன்று மீட்டர் இருந்தால் அதிகம். தர்மபுரி டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்குத் தெரியும். வேகத்தடையைக் கவனிக்காமல் டிரைவர் ஏற்றிவிட்டால் ஒரு நொடி சீட்டுக்கும் நமக்கும் சம்பந்தம் இருக்காது, வயிறு தனியாக மேலே போகும். கோஸ்டர்காரர்கள் ஏர்டைம் என்று சொல்வது அதைத்தான். இந்த மேடு அதைத் தருகிறது. பெரிதாக இல்லை, தொடை சீட்டை விட்டு லேசாக எழும்பி மடிமேல் இருக்கும் கம்பியைத் தொடுகிற அளவுக்கு. ஆனால் முன்பெட்டியில் உட்கார்ந்தால் அது கிடைக்காது. முன்பெட்டி மேட்டைத் தாண்டும்போது வண்டியின் பாதி இன்னும் பின்னால் ஏறிக்கொண்டுதான் இருக்கும், அதனால் மெதுவாகத் தாண்டும். கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும் நேரத்தில் முன்னால் உள்ளவை எல்லாம் இறங்கிவிட்டிருக்கும், அவை இழுக்கிற இழுப்பில் நம்மைத் தூக்கிப் போடும். பதினான்கில் ஒன்பது முறை கடைசிப் பெட்டியில்தான் போனேன்.

இன்னொன்று, மாலை ஐந்து மணிக்கு மேல் ஓட்டம் காலையைவிட நன்றாக இருக்கிறது. பகலெல்லாம் ஓடி பேரிங் கிரீஸ் சூடாகி இளகிவிடுவதால் பெரிய பூங்காக்களிலும் இப்படித்தான் நடக்கும். காலை பத்தரைக்கு ஏறியபோது அதே முதல் இறக்கத்தில் கைபேசி 33-தான் காட்டியது.

மேட்டுக்குப் பிறகு ஒரு சுருள் வளைவு வருகிறது, கன்னம் பக்கத்தில் இருப்பவர் தோளில் போய் அழுந்தும். அதுவரை நன்றாக இருக்கிறது. அப்புறம் மூன்றில் ஒரு பங்கு தண்டவாளம் சும்மா சுற்றி வருகிறது. எங்கள் குழுவில் இளையவன், பாப்பாரப்பட்டித் தம்பி, "சூடு பிடிச்சதும் முடிஞ்சிடுதுண்ணா" என்றான். அவன் சொல்வது சரி. அந்த இடத்தில் இன்னும் ஒரு சின்ன மேடு போட்டிருக்கலாம், அதற்கான வேகம் வண்டியில் மிச்சம் இருந்தது. இரண்டு சுற்று விடுகிறார்கள் என்பதால் 80 ரூபாய்க்கு நான் குறை சொல்ல மாட்டேன்.

பிரேக் லாரிகளில் உள்ளது போலக் காற்றில் வேலை செய்கிறது, நிற்கும்போது அதே "புஸ்" சத்தம். ஒரு காலையில் கம்ப்ரசர் போடுவதற்கு முன்பே போய் நின்றேன். பிரேக் பட்டைகள் இறுகியே இருந்தன. காற்று போட்ட பிறகுதான் விலகின. அதாவது கரண்ட் போனாலும் காற்று இறங்கினாலும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். இப்படித்தான் இருக்க வேண்டும்.

இப்போது அந்தக் குறை. இருவர் உட்காரும் இருக்கைக்கு ஒரே கம்பி. இருவர் மடிக்கும் சேர்த்து ஒன்றாக இறங்குகிறது. இரண்டாவது வாரம் என் பெரியம்மாவையும் ஒன்பது வயது மகளையும் கூட்டிப் போயிருந்தேன். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பெரியம்மா கொஞ்சம் கனமான உடம்பு. கம்பி அவர் வயிற்றில் பட்டு நின்றுவிட்டது. மகளின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே என் கை முழுதாகப் போய் வந்தது. ஏற்றிவிடும் பையன் கம்பியை ஒருமுறை ஆட்டிப் பார்த்து, "லாக் ஆயிடுச்சுங்க" என்றான். லாக் ஆனது உண்மைதான், ஆனால் குழந்தைக்கு அது இல்லாததற்குச் சமம். தொடை எழும்புகிற மேடு என்று இப்போதுதான் எழுதினேன், அங்கே இந்த இடைவெளி ஆகவே ஆகாது. நிறுத்தச் சொல்லி மகளை இறக்கி, வேறு பெட்டியில் என் மச்சானின் பையனோடு உட்கார வைத்தேன். இருவரும் ஒரே அளவு, கம்பி சரியாக மடியில் உட்கார்ந்தது.

இறங்கியதும் மேலாளரைப் பார்த்தேன். ஆளுக்கொரு கம்பி போடச் செலவாகும் என்று எனக்கும் தெரியும். ஆனால் கனமான பெரியவரையும் குழந்தையையும் ஒரே இருக்கையில் உட்கார வைக்காதீர்கள் என்பதற்கு ஒரு பைசா செலவில்லை. உயரம் பார்க்கும் பலகை வாசலில் இருக்கிறது, அதன் பக்கத்தில் ஆள் நிற்கவில்லை, அதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டு, "அடுத்த வாரத்துல இருந்து பிரிச்சு உட்கார வெக்கச் சொல்றேங்க" என்றார். மூன்றாவது ஞாயிறு பலகை அருகே ஒரு பெண் நின்று அளந்தார். பிரித்து உட்கார வைப்பது மட்டும் கூட்ட நேரத்தில் இன்னும் விட்டுப்போகிறது. குழந்தையோடு போகிறவர்கள் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கம்பிக்கும் பிள்ளை மடிக்கும் நடுவே கையை விட்டுப் பாருங்கள், தாராளமாகப் போனால் இடம் மாற்றச் சொல்லுங்கள்.

எங்கள் சண்டை என்ன ஆனது என்றால், ஓசூர் நண்பர் மூன்றாவது ஞாயிறு நேரில் வந்தார். அடியில் குனிந்து பார்த்தார், கடைசிப் பெட்டியில் போனார். "சேரும்" என்று ஒரே வார்த்தை சொன்னார். அரூரில் இயற்பியல் எடுக்கும் ஆசிரியர் இன்னும் ஒரு படி மேலே போய், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறேன் என்கிறார். ஏறும்போது சேர்த்த உயரம் ஒவ்வொரு மேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதைக் கரும்பலகையில் வரைவதைவிட இங்கே காட்டுவது சுலபம் என்பது அவர் கணக்கு.

நான் அவர்களிடம் சொன்னது இதுதான். 1884-இல் லமார்கஸ் தாம்சன் நியூயார்க் கோனி தீவில் போட்ட கோஸ்டர் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில்தான் ஓடியது. கட்டணம் ஐந்து சென்ட். விடுமுறை நாளில் கடற்கரைக்கு வரும் சாதாரண ஜனங்களுக்காகப் போட்டது. பெரிய பூங்காவுக்கு ஒரு குடும்பம் போய்வர டிக்கெட், வண்டிச் செலவு, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் எவ்வளவு ஆகும் என்று நமக்குத் தெரியும். இங்கே என் பின்னால் வரிசையில் நின்றவர்கள் மாங்கூழ் ஆலையில் வேலை செய்யும் பெண்கள், ஐந்து பேர். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள். உச்சியில் கத்திய கத்து தோப்பு முழுக்கக் கேட்டது. இறங்கியதும் மறுபடி டிக்கெட் எடுக்கப் போனார்கள்.

வரிசையில் நிழல் இல்லை, மே மாத வெயிலுக்குத் தொப்பியோ துண்டோ கட்டாயம். கேன்டீனில் நிப்பட்டு நன்றாக இருக்கிறது, டீ சுமார். கடைசிப் பெட்டிக்கென்று தனி வரிசை கிடையாது. ஏற்றிவிடும் பையனிடம் "தம்பி, கடைசிப் பெட்டி" என்று சொன்னால் அடுத்த ஓட்டத்துக்கு ஓரமாக நிற்க வைக்கிறான்.