‘டேங்க் கிளீனர்’ என்று சேலத்தில் விற்பவை: இரண்டடித் தொட்டிக்கு எது ஆகும்?

சேலத்து மீன் கடைகளில் ‘கண்ணாடியில் பாசி பிடிக்குது’ என்று சொன்னால் பெரும்பாலும் கவரில் போட்டுத் தருவது சக்கர் மீன்தான். விரல் நீளத்தில் கறுப்பாகக் கண்ணாடியில் ஒட்டிக் கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் வாங்கத்தான் தோன்றும். ஆனால் 24 x 12 x 12 அங்குலத் தொட்டியில் மணல் போக 50 லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். இந்த மீனோ ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் பாசியில் அக்கறை குறைந்து தீவனத்துக்கு வந்துவிடும். அது போடும் கழிவைச் சுத்தம் செய்யத் தனியாக ஆள் வேண்டும். பத்துக்கு ஒரு மதிப்பெண். பெரிதாகிவிட்டதே என்று மூக்கனேரியிலோ ஏற்காடு ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். தென்னமெரிக்க மீன் இது. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது.

பொன்னிற சைனீஸ் ஆல்கே ஈட்டர் மீனும் வேண்டாம். வளர வளர முரடாகி, ஏஞ்சல், கோல்ட் பிஷ் மேல் ஒட்டிக்கொண்டு வழவழப்பை உறிஞ்சும்.

என் தேர்வு நெரைட் நத்தை. 50 லிட்டருக்கு மூன்று போதும். பச்சை படிந்த கண்ணாடியில் அது நகர்ந்த வழியைப் பாருங்கள்: பாசியைச் சுரண்டிய நெளிநெளிக் கோடு தெளிவாகத் தெரியும். உப்பு கலந்தால்தான் குஞ்சு வளரும் என்பதால் நல்ல தண்ணீரில் பெருகித் தொல்லை தராது. ஆனால் எள் போன்ற வெள்ளை முட்டைகளைக் கட்டையிலும் கல்லிலும் ஒட்டிவிடும், சுரண்டினாலும் லேசில் போகாது. நம்மூர் போர் தண்ணீரின் கடினத்தன்மை ஓட்டுக்கு நல்லதுதான். ஏற்காட்டில் மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றுபவர்கள் ஒரு துண்டு கணவாய் மீன் ஓடு போட்டு வையுங்கள், இல்லையென்றால் நத்தையின் ஓடு குழி விழும். வாங்கும்போது கண்ணாடியில் ஒட்டியிருப்பதையே கேளுங்கள். தொட்டிக்கு மூடி அவசியம், ஏறி வெளியே போய்விடும். பாசி தீர்ந்துவிட்டால் வேகவைத்த சுரைக்காய்த் துண்டு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டினிதான்.

அடுத்தது செர்ரி இறால். இலை, பாசி, மிச்சத் தீவனம் என்று எல்லாவற்றையும் மேயும். பத்து விடலாம். கப்பி மீனோடு பெரிய இறால் பிழைக்கும், குஞ்சுகள் இரையாகும். ஏஞ்சல், கோல்ட் பிஷ் இருந்தால் எதுவும் மிஞ்சாது. குஞ்சுகளை உள்ளே இழுக்காத ஸ்பாஞ்ச் பில்டர்தான் பாதுகாப்பு. இங்கே பிரச்சினை வெயில். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் ஆக்சிஜன் குறைந்து இறால் சாகத் தொடங்கும். மேற்பரப்பில் சின்ன பேன் காற்று படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அப்போது தண்ணீர் வேகமாக ஆவியாகும். குறைந்ததைப் போர் தண்ணீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். ஏற்காட்டில் தலைகீழ்: குளிர்கால இரவுகளுக்கு 24 டிகிரியில் வைத்த 50 வாட் ஹீட்டர் போட்டுவிடுங்கள்.

ஓட்டோ என்ற சின்னக் கெளுத்தி மீன் பாசியை அருமையாகத் தின்னும், ஆனால் பல நாள் பட்டினியோடு கடைக்கு வரும். வயிறு ஒட்டியிருந்தால் தொடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் ஓடிய தொட்டிக்குத்தான் அது. கோரிடோராஸ் கெளுத்தி பாசியே தின்னாது. அடியில் விழுந்த தீவனத்தைப் பொறுக்கும், அவ்வளவே.

எதை வாங்கினாலும் மீன் கழிவை யாரும் தின்பதில்லை. வாரம் 12 லிட்டரை மணலைக் கிளறி சைபன் குழாயால் எடுத்துவிட்டு, மாநகராட்சித் தண்ணீர் என்றால் ஆன்டி-குளோரின் கலந்து ஊற்றுங்கள். விளக்கு ஆறு மணி நேரம் போதும். வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்து ஊற்றுமுன் பாட்டிலில் காப்பர் இருக்கிறதா என்று படியுங்கள். இருந்தால் நோய் வந்த மீனை வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே ஊற்றுங்கள், இறாலும் நத்தையும் காப்பரைத் தாங்காது.