பழைய காசுக்கு அல்ட்ராசோனிக் கிளீனர்: மண் போகும், பச்சை போகாது

சௌகார்பேட்டையில் நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும், தண்ணீரில் ஒலி அதிர்வு எழுப்பி அழுக்கைத் தளர்த்தும் 600 மி.லி. அல்ட்ராசோனிக் கிளீனர், மண்ணில் எடுத்த செப்புக்காசுக்கும் உதவும். ஓர் எல்லைவரைதான்.

தண்ணீரில் கோட்டைவிட்டால் எல்லாம் வீண். கடலோர வடசென்னை போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதிலுள்ள குளோரைடு செம்பை அரிக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் போதும். முதல் நாளே காசை வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவையுங்கள். பிறகு 3 நிமிடம் ஓட்டி, எடுத்துப் பாருங்கள். மூங்கில் குச்சிக்கு எட்டாத எழுத்திடுக்கு மண்கூட புகைபோலக் கலைந்து வரும். ஒரு தடவைக்கு ஒரே காசு. சேர்த்துப் போட்டால் உரசிக் கீறும். ஓட்டிக்கொண்டே இருந்தால் தளர்ந்த பட்டினா (காலப்போக்கில் செம்பின்மேல் படிந்த படலம்) செதிலாக உரியும். விரிசல் விட்ட காசைப் போடவே போடாதீர்கள்.

வெளிர்பச்சைப் பொடி பூக்கும் காசுக்கு இது மருந்தல்ல. அதற்கு சோடியம் செஸ்குவிகார்பனேட் என்ற மென்காரஉப்பின் கரைசலில் வாரக்கணக்கில் ஊறல், இடையிடையே கரைசல் மாற்றல். புளியும் எலுமிச்சையும் குத்துவிளக்கோடு நிற்கட்டும். அமிலம் பட்டினாவையே கரைத்துவிடும்.

மண் போனதும் எடை பாருங்கள். ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து, சுமார் 9.3 கிராம் என்றால் மெட்ராஸ் 20 காசு. அதில் பாதி எடை, 10 காசு. 1835 கால் அணா 6.5 கிராம் அருகே நிற்கும். தேய்ந்தது சற்றுக் குறையும்.