என்-லிஸ்ட்டா, டெல்நெட்டா, பக்கத்துக் கல்லூரியா?

மதுரையில் ஒரு கல்லூரி நூலகம் வெளியிலிருந்து நூல் பெற மூன்று வழிகள் உண்டு. இரண்டுக்குக் கட்டணம் கட்டினால் போதும், மூன்றாவதை, அதாவது பக்கத்துக் கல்லூரிகளோடு நூல் பகிர்வதை, நாமேதான் உருவாக்க வேண்டும். தமிழும் வரலாறும் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த மூன்றாவதுதான் அவசரம் என்பது என் கட்சி.

முதலில் என்-லிஸ்ட், கல்லூரிகளுக்கான மின்னிதழ்ச் சந்தாத் திட்டம். உயர்கல்வி நூலகங்களை இணைக்கும் காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம் 2010-இல் தொடங்கியது. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் 6,000-க்கு மேற்பட்ட மின்னிதழ்கள் கிடைக்கின்றன, மாணவர் விடுதியில் இருந்தபடியே லாகின் செய்து படிக்கலாம். 2025 ஜனவரியில் வந்த மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் இதைவிடப் பெரிது: 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள், மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். ஆனால் இப்போதைக்கு அது அரசு நடத்தும் நிறுவனங்களுக்குத்தான். அமெரிக்கன், தியாகராசர், லேடி டோக், பாத்திமா என்று நம் ஊரின் பழைய பெயர்கள் எல்லாம் தனியார் நிர்வாகம் என்பதால், இங்கே என்-லிஸ்ட்டைக் கைவிடவே கூடாது.

டெல்நெட் என்பது நூலகங்கள் ஒன்றோடொன்று நூல் பகிரும் வலையமைப்பு, 1988-இல் டெல்லியில் பிறந்தது. உறுப்பு நூலகங்களின் பட்டியலைத் தேடி, நூலை இரவல் கேட்கலாம். கிடைக்காத ஆங்கில நூலுக்கு நல்ல வழி. ஆனால் தபாலில் வந்து சேர நாளாகும், செலவும் உண்டு.

சரி, மூன்றாவதுக்கு வருவோம். கோரிப்பாளையத்தில் ஒரு கல்லூரி நூலகம், சின்னச் சொக்கிகுளத்தில் இன்னொன்று, நடந்தே போகிற தூரம்தான், ஆனால் அங்கே என்ன இருக்கிறதென்று இங்கே இருக்கும் மாணவிக்குத் தெரிய, எல்லாக் கல்லூரி நூல்களையும் ஒன்றாகக் காட்டும் ஒரு கூட்டுப் பட்டியல் மதுரைக்கென வேண்டும். பழைய தமிழ்ப் பதிப்புகள், கல்லூரி ஆண்டு மலர்கள், துறை அலமாரியில் கிடக்கும் எம்.ஃபில் ஆய்வேடுகள் இவையெல்லாம் எந்தத் தேசியச் சந்தாவிலும் வராது. பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் இருப்பவையும் பெரும்பாலும் பிஎச்.டி. ஆய்வேடுகளே.

மென்பொருள் பெரிய தடையில்லை, கோஹா என்ற நூலக மென்பொருள் இலவசம். தடை, நூல்களைப் பட்டியலில் பதியும் முறையில் இருக்கிறது. ஒரு நூலகம் சிலப்பதிகாரத்தை ரோமன் எழுத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்று வேறு மாதிரியும் பதிந்திருக்கும், மூன்றாவது பழைய எழுத்துருவில் தட்டியிருக்கும், மூன்றையும் சேர்த்தால் ஒரே நூல் மூன்றாகத் தெரியும் அல்லது தேடினாலே கிடைக்காது. ஆகவே தமிழ்த் தலைப்பைத் தமிழிலேயே, யூனிகோடில் பதிவது முதல் வேலை. கொஞ்சம் அலுப்பான வேலைதான், ஆனால் நூலகர்கள் ஒரு கோடை விடுமுறையில் ஆய்வேடுகளையாவது முடிக்கலாம்.

அப்புறம் இரவல். எடுத்த எடுப்பிலேயே நூலை வெளியே விட எந்த நிர்வாகமும் தயங்கும், அந்தத் தயக்கம் நியாயமானதே. முதல் ஆண்டில் உட்கார்ந்து படிக்க மட்டும் அனுமதிக்கலாம், ஒவ்வொருவரும் முதல்வரிடம் கடிதம் வாங்கி அலையாமல் சொந்தக் கல்லூரி அடையாள அட்டையே போதும் என்று வைத்துக்கொண்டு. அடுத்த ஆண்டு இரவல் தொடங்கினால், நூல் தொலைந்தால் இரவல் வாங்கிய கல்லூரிதான் பொறுப்பு, மாணவர் அல்ல என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.