சிப்பிக் காளானா, பால் காளானா: வளர்ச்சியைப் பார்க்க எது நல்லது?

கோவை, ஈரோடு பக்கம் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குக் காளான் உருவாவதைக் காட்ட நினைப்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

வெப்பம்: சிப்பிக்கு 20 முதல் 28 டிகிரி வேண்டும், ஐப்பசி முதல் தை வரை வசதி. பால் காளான் 30-35 டிகிரியில் நன்றாக வரும், ஈரோட்டுச் சித்திரையைத் தாங்கும்.

வேலை: சிப்பிக்குப் பையில் நிரப்ப வேகவைத்த வைக்கோலும் காளான் வித்தும் (ஸ்பான்) போதும். பால் காளானுக்கு வித்திலிருந்து கிளம்பும் பூஞ்சை இழை வைக்கோலில் பரவியபின் மேலே மண் போட வேண்டும்.

கண்ணுக்குத் தெரிவது: இதுதான் முக்கியம். சிப்பியில் பைத் துளைகளில் மொட்டு வெளிப்படையாகத் தோன்றி, மூன்று நான்கு நாளில் விரிந்துவிடும். வளர்ந்த மொட்டை நெடுக்காக வெட்டி லென்ஸில் பாருங்கள். தொப்பியும் தண்டும் அப்போதே பிரியத் தொடங்கியிருக்கும். பிறகு நடப்பது பெரும்பாலும் செல்கள் நீர் உறிஞ்சி நீளுவதுதான். பால் காளானின் தொடக்கம் மண்ணில் மறைந்துவிடும். ஆனால் பருத்த தண்டு, வெட்டிக் காட்டச் சுலபம்.

பரிணாமப் பாடம் இரண்டிலும் ஒன்றே, அதுதான் எனக்கு வியப்பு. நம் உடல் ஒரு கருச்செல் பிளந்து பெருகி உருவாவது. காளானோ தனித்தனி இழைகள் கூடிப் பின்னி எழுவது. பலசெல் உடலைப் பூஞ்சைகள் விலங்குகளையும் தாவரங்களையும் சாராமல் தம் வழியிலேயே எட்டின. தொப்பியும் தண்டும் கொண்ட வடிவமும், மரத்தில் தட்டையாக ஒட்டிக் கிடந்த முன்னோர்களிடமிருந்து பலமுறை தனித்தனியாகத் தோன்றியது.

சரி, எதை எடுப்பது? மொட்டிலிருந்து விரிவதைப் படிப்படியாகப் படம் பிடிக்க, குளிர்மாதங்களில் சிப்பி. கோடையில் செய்தே ஆகவேண்டும் என்றால் பால் காளான். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் சிப்பியை விளிம்பு விரியும் முன்பே பறித்துவிடுங்கள். விரிந்தால் அது ஸ்போர் எனும் நுண்தூளை ஏராளமாக உதிர்க்கும்.