விக்கிக்குச் செருகுநிரல்: உள்ளே எழுதுவதா, வெளியே எழுதுவதா?

டோக்குவிக்கி என்ற விக்கி மென்பொருளில் இருப்புப் பட்டியல் ஒன்றை நாள்தோறும் புதுப்பிக்கும் வேலையை இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறேன்: முதலில் பிஎச்பி மொழியில் விக்கிக்குள்ளேயே ஓடும் உட்செருகுநிரலாக, பின்னர் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி (தொலைவிலுள்ள மென்பொருளை எக்ஸ்எம்எல் வடிவச் செய்திகளால் அழைக்கும் முறை) வழியே விக்கியோடு பேசும் தனிப் பைத்தான் நிரலாக. இன்று இயங்கிக்கொண்டிருப்பது இரண்டாவதுதான்.

வேகத்தில் உட்செருகுநிரலே முந்தும். பக்கம் திரைக்கு வரும் கணத்தில் புதிய குறியீட்டை உருமாற்றவோ, சேமிப்பை இடைமறிக்கவோ வேண்டுமென்றால் அதைவிட்டால் வேறு வழியும் இல்லை. வெளிநிரல் அண்மைய மாற்றங்களை அவ்வப்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. சர்வரை பிஎச்பி 8க்கு மாற்றிய அன்று விக்கியின் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. பிஎச்பி 7.2இலேயே கைவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டு, 8.0இல் நீக்கப்பட்ட 'ஈச்' என்ற சார்பை (ஃபங்ஷனை), ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓடும் என் உட்செருகுநிரலின் ஒற்றை வரி அழைத்துக்கொண்டிருந்தது. பிழை முழுக்க என்னுடையதே. ஆனால் அதன் விலையை விக்கி முழுவதும் கொடுத்தது. வெளிநிரலில் பிழை நேர்ந்தால் பட்டியல் ஒரு நாள் பழையதாக நிற்கும், அவ்வளவுதான். 1998இல் உருவான எக்ஸ்எம்எல்-ஆர்பிசிக்கான நூலகம் பைத்தானுடனேயே வருவதால், தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. டோக்குவிக்கியில் அதே வேலையை ஜேசன் வடிவில் செய்யும் ஜேசன்-ஆர்பிசி வந்த பிறகும், பக்கத்தைப் பெறும் 'விக்கி.கெட்பேஜ்', எழுதும் 'விக்கி.புட்பேஜ்' என்ற பழைய அழைப்புகள் தொடர்ந்து இயங்குகின்றன.

இதற்காக வெளிநிரலில் தொல்லையே இல்லை என்று சொல்லமாட்டேன். பக்கத்தைப் பெற்று, திருத்தி, திருப்பி எழுதுவதற்குள் வேறொருவர் அதே பக்கத்தைச் சேமித்துவிட்டால், அவருடைய திருத்தம் சத்தமில்லாமல் மறைந்துவிடும். ஆகவே 'செட்லாக்ஸ்' அழைப்பால் முதலில் பூட்டிவிட்டு, பூட்டு கிடைத்ததா என்று விடையில் பார்த்த பிறகே பக்கத்தைப் படிக்க வேண்டும். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியின் ஏபிஐ (வெளிநிரல்கள் பேசுவதற்கான இடைமுகம்) இதில் மேல்: எந்தத் திருத்தத்தின் மீது எழுதுகிறோம் என்று அதன் எண்ணைச் சேர்த்தனுப்பினால், இடையில் வந்த மாற்றத்தோடு இணைக்க முடியாதபோது முரண்பாடு என்று சொல்லி மறுத்துவிடும்.

இன்னொரு நாள் வெளிநிரலுக்கு ஒரே ஒரு பக்கம் மட்டும் வரவில்லை. பிடிஎஃப்பிலிருந்து ஒட்டிய உரையில் கண்ணுக்குத் தெரியாத பக்கமுறிவு எழுத்து ஒன்று ஒளிந்திருந்தது, எக்ஸ்எம்எல் 1.0 அதை ஏற்பதில்லை என்பதால் விடை முழுவதும் பிழையாகிப்போனது. ஜேசனில் அத்தகைய எழுத்துகள் தப்பிக் குறியோடு (வேறு எழுத்துகளால் குறிக்கப்பட்டு) வந்துவிடும் என்பதால், இன்று புதிதாகத் தொடங்குவோர் அந்த வழியில் போவதே நல்லது.

எங்கள் விக்கியில் இருப்பவை சில நூறு பக்கங்களே. பல்லாயிரம் பக்கங்களை ஒவ்வொன்றாக அழைத்துப் படிக்க வேண்டிய இடத்தில் என் சாய்வு மாறக்கூடும். அந்த அளவில் நான் எதையும் ஓட்டிப் பார்த்ததில்லை. எவ்வழியானாலும் தொலை அழைப்பு வசதியைத் திறக்கும்போது, வெளிநிரலுக்கென்றே ஒரு பயனர் கணக்கை உருவாக்கி, அது தொட வேண்டிய பெயர்வெளிக்கு (பக்கத் தொகுப்புக்கு) மட்டும் எழுதும் உரிமை கொடுங்கள்.