ஒயிட் லேபிள் ஹோஸ்டிங் எடுத்து விற்பவர்கள் கவனத்திற்கு

வெப்சைட் செய்து கொடுக்கும் சிறு நிறுவனங்கள் கூடவே ஹோஸ்டிங்கும் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) விற்க நினைப்பது இயல்பு. மாதத் தொகை கட்டினால் டபிள்யூஎச்எம் கணக்கு (பல ஹோஸ்டிங் கணக்குகளைத் திறந்து நிர்வகிக்கும் பலகை) கிடைக்கும். நம் லோகோவைப் போட்டு ஐம்பது பேருக்கு சிபேனல் (ஒரு தளத்தை நிர்வகிக்கும் பலகை) திறந்து கொடுக்கலாம், இதுதான் ஒயிட் லேபிள். மேலே யார் இருக்கிறார்கள் என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. நல்ல தொழில்தான். ஆனால் மேலே இருப்பவர் யார் என்று விற்பவருக்கே தெரியாமல் இருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

நடப்பது இப்படி. நீங்கள் பணம் கட்டும் ஆளும் ஒரு ரீசெல்லர்தான். மொத்தமாக வாங்கித் துண்டு போட்டு விற்கிறார். அவர் தனக்கு மேலுள்ளவரிடம் பாக்கி வைத்தால், ஒரு நாள் காலையில் நகைக்கடை, பள்ளிக்கூடம், ஆடிட்டர் ஆபீஸ் என்று உங்கள் ஐம்பது தளங்களிலும் ஒரே நேரத்தில் ‘அக்கவுண்ட் சஸ்பெண்டட்’ என்று வரும். ரீசெல்லர் கணக்கை முடக்கும்போது அதன் கீழுள்ள எல்லாவற்றையும் சேர்த்து முடக்க டபிள்யூஎச்எம்மில் வசதி உண்டு. நீங்களும் உள்ளே போக முடியாது, பேக்கப் எடுக்க முடியாது. டேட்டா சென்டரைக் கூப்பிட்டால் “நீங்கள் எங்கள் கஸ்டமர் இல்லையே” என்பார்கள். அவர்கள் பக்கம் அது சரியான பதில். போன் மட்டும் உங்களுக்குத்தான் வரும், ஏனென்றால் பில்லில் இருப்பது உங்கள் பெயர்.

ஆகவே வருடச் சந்தா கட்டும் முன் ஒரு மாதம் மட்டும் எடுத்து, ரூட் (சர்வரின் முழு அதிகாரம்) யார் கையில் இருக்கிறது என்று சோதியுங்கள். சர்வர் ஐபியை ஹூயிஸில் (அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் தேடல்) போட்டால் வேறு கம்பெனி பெயர் வரலாம். வாடகை சர்வர் எடுப்பது சகஜம், அதனால் மட்டும் சந்தேகப்பட வேண்டாம். இரவு பதினொரு மணிக்கு ஒரு டிக்கெட் (உதவிக் கோரிக்கை) போட்டு, நேற்று அனுப்பிய ஒரு மெயிலுக்கான வரிகளை எக்ஸிம் மெயின்லாக்கிலிருந்து (சர்வரின் மெயில் போக்குவரத்துப் பதிவு) எடுத்துத் தரச் சொல்லுங்கள். ரூட் உள்ளவருக்கு அது இரண்டு நிமிட வேலை. இடைத்தரகர் என்றால் உங்கள் டிக்கெட்டை மேலே அனுப்பிவிட்டு மறுநாள் மதியம் பதில் சொல்வார். கூடவே, மூன்று நாள் முந்தைய பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு ஃபைலை மீட்டுத் தரச் சொல்லுங்கள். தினமும் பேக்கப் எடுக்கிறோம் என்ற பேச்சு பலரிடம் இங்கேதான் உடைகிறது.

‘அன்லிமிடெட்’ என்ற சொல்லை நம்பாதீர்கள். டிஸ்க் அளவு அன்லிமிடெட் என்று போட்டுவிட்டு ஐநோடு (ஃபைல்) எண்ணிக்கையில் பிடிப்பார்கள். சர்வரில் ஒவ்வொரு மெயிலும் ஒரு ஃபைல், ஒரு ஐநோடு. முப்பது பேர் மெயிலை அழிக்காமல் வைத்திருக்கும் ஆபீஸ் ஒன்று போதும், வரம்பைத் தாண்டிவிடும். கிளவுட்லினக்ஸ் (ஒவ்வொரு கணக்குக்கும் வரம்பு போடும் சிஸ்டம்) சர்வரில் என்ட்ரி பிராசஸ் (ஒரே நேரத்தில் ஓடும் பக்கக் கோரிக்கைகள்) வரம்பு முட்டினால் தளத்தில் 508 எர்ரர் வரும். இந்த இரண்டு எண்களையும் எழுத்தில் வாங்குங்கள். 99.9% அப்டைம் என்றாலே 30 நாளில் 43 நிமிடம் தளம் படுத்துக்கிடக்கலாம் என்றுதான் அர்த்தம். அதற்கு மேல் போனாலும் பெரும்பாலும் அடுத்த பில்லில் கழிவுதான் தருவார்கள். உங்கள் வாடிக்கையாளருக்கு அதைவிட அதிகமாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு டொமைனில் (தளத்தின் பெயர்) வருகிறது. ஹோஸ்டிங்கோடு டொமைன் இலவசம் என்பார்கள். பதிவில் உரிமையாளர் ஈமெயிலாகத் தங்கள் முகவரியைப் போட்டுவிடுவார்கள். ஹோஸ்டிங் போனால் பேக்கப் வைத்து மீட்கலாம், டொமைன் அடுத்தவர் பெயரில் இருந்தால் கெஞ்சத்தான் வேண்டும். எனவே டொமைனை நேரடியாக ரெஜிஸ்ட்ராரிடம் (டொமைன் பதியும் நிறுவனம்), வாடிக்கையாளர் பெயரிலும் ஈமெயிலிலும் பதியுங்கள். டாட் காம் போன்றவற்றில் உரிமையாளர் கேட்டால் ரெஜிஸ்ட்ரார் 5 நாளுக்குள் ஆத் கோடு (டொமைனை வேறு இடத்துக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடு) தர வேண்டும். புதிதாகப் பதிந்த டொமைனைப் பொதுவாக 60 நாள் வரை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற முடியாது, அதையும் கணக்கில் வையுங்கள்.

டிஎன்எஸ்ஸையும் (டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) ஹோஸ்டிங்கிலிருந்து பிரித்துத் தனியாக வையுங்கள். உங்கள் பெயரில் நேம்சர்வர் (டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர்) தருகிறோம் என்று ஆசை காட்டுவார்கள். ஆனால் அது ஓடுவது அவர்கள் சர்வரில்தான், அது விழுந்தால் டிஎன்எஸ்ஸும் விழும். அப்போது நேம்சர்வரை மாற்றினால் டாட் காம் பக்கம் அதன் டிடிஎல் (பழைய பதிலை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 1,72,800 வினாடி, அதாவது முழுதாக 2 நாள். டிஎன்எஸ் தனியாக இருந்து டிடிஎல்லை 300 என்று வைத்திருந்தால், ஏ ரெக்கார்டை (தளத்தின் சர்வர் ஐபியைச் சொல்லும் வரி) மாற்றிய ஐந்து நிமிடத்தில் தளம் புது சர்வருக்குப் போய்விடும். சிபேனல் தானாக வைக்கும் அளவு 14,400 வினாடி, நாலு மணி நேரம்.

வாரம் ஒருமுறை ஒவ்வொரு கணக்குக்கும் ஃபுல் பேக்கப் எடுத்து உங்கள் சொந்த இடத்தில் வையுங்கள். பேக்கப்பைச் சேமிக்கும் இடமாக ஹோம் டைரக்டரி என்று தேர்ந்தெடுத்தால் அந்த பேக்கப் ஃபைல் அதே கணக்கின் இடத்தில்தான் உருவாகும். 10 ஜிபி கணக்கில் 8 ஜிபி நிரம்பியிருந்தால் பேக்கப் பாதியில் நிற்கலாம், ஆகவே ஆரம்பத்திலேயே இடம் விட்டுக் கொடுங்கள். இன்னொன்று, ஃபுல் பேக்கப்பை முழுக் கணக்காகத் திரும்ப ஏற்ற ரூட் தேவை. புது நிறுவனம் அதைச் செய்து தருமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

சட்டப் பொறுப்பும் உண்டு. செர்ட்-இன் (இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) 28 ஏப்ரல் 2022இல் பிறப்பித்த உத்தரவுப்படி, ஹேக் போன்ற சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை (சர்வர் பதிவுகள்) 180 நாள் வைத்திருக்க வேண்டும். ரூட் இல்லாத உங்களிடம் சர்வர் லாக் இருக்காது. யார் எடுத்துத் தருவார், எத்தனை மணி நேரத்தில் என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

ஏற்கெனவே சந்தேகமான இடத்தில் மாட்டியிருந்தால், விலகப் போவதாக முதலில் சொல்லிவிடாதீர்கள். சத்தமில்லாமல் பேக்கப்பை எடுங்கள், டொமைன்களை மீட்டு டிஎன்எஸ்ஸை வெளியே கொண்டு வாருங்கள், அதன்பிறகு தளங்களை நகர்த்துங்கள். பழைய கணக்கைப் பத்து நாளாவது மூடாமல் வையுங்கள். மாறுகிற நேரத்தில் சில மெயில்கள் பழைய சர்வரிலேயே போய் விழுந்திருக்கும், அவற்றை ஐமேப் (மெயிலை சர்வரிலிருந்து படிக்கும் முறை) வழியாகப் புதுப் பெட்டிக்கு இழுத்த பிறகு கணக்கை மூடுங்கள்.